ஆட்டிசத்தோடு புலன் சிக்கலும் தனிக் குறைபாடா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ஐந்து வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். அண்மையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) கொடுத்த அறிக்கையில் ‘புலன் உணர்வுகளைக் கையாள்வதில் சிரமம்’ என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. பள்ளிப் படிவத்தில் ‘குறைபாட்டின் வகை’ என்ற இடத்தில் ஒன்றை எழுதுவதா, இரண்டையும் எழுதுவதா? “ஆட்டிசத்துக்குச் சலுகை உண்டு, சத்தம் பிடிக்கவில்லை, சட்டை உறுத்துகிறது என்பதெல்லாம் அதில் சேராது” என்று பள்ளியில் சொல்கிறார்கள். மதிய இடைவேளைக்குப் பிறகு அவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறானாம். தண்ணீர் பாட்டில் தினமும் நிறைந்தபடியே வீடு திரும்புகிறது. அவன் தங்கைக்கு ஆறு வயது. அவளுக்கும் காலுறைத் தையல், தலைவாருதல், கூட்டம் எதுவும் ஆகாது. பரிசோதித்துவிட்டு ஆட்டிசம் இல்லை என்றார்கள். “இவளுக்கும் ஒரு பெயரைத் தேடாதே” என்கிறார் என் கணவர். ஆட்டிசம் இல்லாமல் இது மட்டும் இருந்தால் அது குறைபாடா, குணமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

மகனுக்கு ஒரு பதில், மகளுக்கு வேறொரு பதில். இரண்டையும் கலந்துவிட்டதால்தான் உங்களுக்கும் குழப்பம், பள்ளிக்கும் வசதி.

மகனுடைய புலன் சிக்கல் இரண்டாவது குறைபாடு அல்ல. அது அவனுடைய ஆட்டிசத்துக்கு உள்ளேயே இருப்பது. ஆனால் உள்ளே இருக்கிறது என்பதற்கு, கணக்கில் எடுக்க வேண்டாம் என்று பொருள் இல்லை. பள்ளி செய்திருக்கும் பிழை அதுதான். ஆட்டிசத்தை ஏற்றுக்கொள்கிறோம், அதன் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது.

இது என் சொந்த அபிப்பிராயம் அல்ல. மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம். 2013-ல் ஐந்தாம் பதிப்பாக வெளிவந்தபோது, ஆட்டிசத்துக்கான அளவுகோல்களில் புலன் உணர்வு வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டது. ஒலி, ஒளி, தொடுகை, வாசனை, வலி, வெப்பம் போன்றவற்றுக்கு மிகையாக எதிர்வினை காட்டுவது, மிகக் குறைவாகக் காட்டுவது, அல்லது அவற்றில் வழக்கத்துக்கு மாறான ஈடுபாடு கொள்வது என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்தல், மாறாத ஒழுங்கில் பிடிவாதம், குறுகிய ஆர்வங்கள் ஆகியவற்றோடு இது நான்காவது. இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருந்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதுவும் ஆட்டிசத்தின் விவரிப்பில் இதைச் சேர்த்திருக்கிறது. அப்படியானால் ‘காதைப் பொத்திக்கொள்கிறான்’ என்பது உங்கள் மகனுடைய ஆட்டிசத்துக்கு வெளியே தொங்கும் ஒரு பழக்கம் அல்ல. ஆட்டிசம் என்று தீர்மானிக்கவே அது ஓர் ஆதாரமாக இருந்திருக்கலாம். ஐந்து வயதில் கொடுத்த பழைய அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இது பற்றி அதில் ஒரு வரியாவது இருந்தால், அந்தப் பக்கத்தின் நகலைப் பள்ளியில் கொடுங்கள். வாதம் பாதி முடிந்துவிடும்.

விந்தை என்னவென்றால், இது புதுக் கண்டுபிடிப்பே அல்ல. லியோ கானர் 1943-ல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைப் பரவலாக அறியச் செய்தது. தூசி உறிஞ்சும் இயந்திரம், மின்தூக்கி, ஓடும் தண்ணீர், ஏன், காற்றின் ஓசை கூட அந்தக் குழந்தைகளில் சிலரைக் கதிகலங்கச் செய்ததை அவர் அப்போதே பதிவு செய்திருக்கிறார். கண்ணெதிரே இருந்த ஒன்று அளவுகோலுக்குள் நுழைய எழுபது ஆண்டுகள் ஆயின. எல்லாரும் பேச்சையும் பழகும் விதத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை பேசுகிறதா, கண்ணைப் பார்க்கிறதா என்பது பார்ப்பவருக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்கு மின்விசிறியின் கிறீச்சிடல் எப்படிக் கேட்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

சரி, பிறகு ஏன் உங்கள் தெரபிஸ்ட் அதைத் தனியாக எழுதினார்? என் துறைக்காரர்கள் செய்யும் வேலையே அதுதான். மருத்துவர் நோயின் பெயரைச் சொல்கிறார். நாங்கள் அன்றாடத்தில் எங்கே தடுக்கிறது என்று எழுதுகிறோம். அந்த வரி இன்னொரு நோயறிதல் அல்ல. முதல் நோயறிதல் இந்தக் குழந்தையிடம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதன் விவரம். ஆட்டிசம் உள்ள இரண்டு குழந்தைகளை அருகருகே உட்கார வைத்தால், ஒருவன் சிறு தொடுகைக்கும் துள்ளி விலகுவான். இன்னொருவன் முழங்கால் சிராய்ந்து ரத்தம் வருவதைக் கவனிக்காமலே விளையாடிக்கொண்டிருப்பான். இருவருக்கும் சான்றிதழில் ஒரே சொல்தான் இருக்கும்.

புலன் சிக்கலுக்கு ஒரு தனி வாழ்வு உண்டு என்ற எண்ணத்தைக் கிளப்பியவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கண், காது, தோல், உட்காதின் சமநிலை உணர்வு, தசையும் மூட்டும் தரும் உணர்வு ஆகிய எல்லாவற்றையும் மூளை ஒன்று சேர்த்துப் பயன்படுத்துவதில் சில குழந்தைகளுக்குத் தடை இருக்கிறது, கற்றலும் நடத்தையும் அதனால் பாதிக்கப்படுகின்றன என்பது அவர் முன்வைத்த கருத்து. 1972-ல் அதை ஒரு நூலாகவே எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதை ‘சென்சரி பிராசசிங் டிசார்டர்’ என்று ஒரு தனி நோயாக வகுக்க முயன்றார்கள். டி.எஸ்.எம். கையேட்டின் 2013 பதிப்பில் சேர்க்கும்படி கோரிக்கையும் போனது. சேர்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டிலேயே அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் இதைத் தனி நோயறிதலாகப் பொதுவில் எழுத வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. மறுபக்கம், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென 2016-ல் வெளிவந்த டி.சி. 0-5 என்ற வகைப்பாட்டில் மிகையுணர்வும் குறையுணர்வும் தனி நோயறிதல்களாகவே இடம் பெற்றிருக்கின்றன. அதாவது, நிபுணர்களுக்குள்ளேயே வழக்கு முடியவில்லை.

வழக்கு எதைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். இந்தக் குழந்தைகள் நிஜமாகவே அவதிப்படுகிறார்களா என்பதில் சண்டை இல்லை. ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு, பதற்றக் கோளாறு எல்லாவற்றிலும் இதே சிக்கல் தலைகாட்டுகிறதே, இதைத் தனியாகப் பிரித்து ஒரு நோய் என்று நிறுத்த முடியுமா என்பதில்தான் சண்டை. ‘தனி நோயாக ஏற்கவில்லை’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டு ‘அப்படி ஒரு பிரச்சினையே இல்லை’ என்று பேசுகிறவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அரைகுறை வாசிப்பு என்பதைத் தவிர அவர்களிடம் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.

இனி ‘குறைபாடு’ என்ற பேச்சுக்கு வருவோம். நோய்ப் பட்டியலில் இருப்பதும் குறைபாடாகக் கொள்ளப்படுவதும் ஒன்றல்ல. 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நீண்டகாலப் பாதிப்பு ஒன்று சுற்றியுள்ள தடைகளோடு மோதி, மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க விடாமல் செய்யும்போது அதை இந்தக் கணக்கில் வைக்கிறது. பாதி உடலில், மீதி சூழலில். சத்தமில்லாத அறையில் ஒரு குழந்தைக்கு எந்தத் தடையும் இல்லாமல் இருக்கலாம்; எதிரொலிக்கும் கூடத்தில் அதே குழந்தை முற்றிலும் முடங்கிப் போகலாம். நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது.

நாட்டுச் சட்டங்களோ இரண்டு வழிகளில் போகின்றன. சில நாடுகள் பெயர்ப் பட்டியல் போடுகின்றன. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. ஆட்டிசம் உண்டு, புலன் சிக்கல் என்று தனி வகை கிடையாது. ஆனாலும் அங்கே ஆட்டிசத்தின் அளவை மதிப்பிடப் பயன்படும் ‘ஐசா’ அளவுகோலின் ஆறு பிரிவுகளில் ஒன்று புலன் உணர்வுதான். சான்றிதழில் இருக்கும் விழுக்காட்டிலேயே அது கூட்டப்பட்டிருக்கிறது! வேறு சில நாடுகள் பெயரைக் கேட்பதில்லை, விளைவைக் கேட்கின்றன. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, அன்றாடச் செயல்களில் கணிசமான பாதிப்பு இருக்க வேண்டும், அது ஓராண்டாவது நீடிக்க வேண்டும். அமெரிக்கச் சட்டமும் வாழ்வின் முக்கியச் செயல்களை அது எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்றே பார்க்கிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், மகனுடைய விஷயத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தொல்லை தராது. ஆட்டிசம் என்ற பெயர் கையில் இருக்கிறது. மகளுக்குத்தான் இது முக்கியம். அங்கே பிறகு வருகிறேன்.

இப்போது தண்ணீர் பாட்டில். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அதுதான். போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ கடிதத்தின் மையமே அது என்று தோன்றுகிறது.

ஒரு குழந்தை நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு நேரெதிரான இரண்டு காரணங்கள் இருக்க முடியும். முதலாவது, அவனுக்குத் தாகமே தெரியாமல் இருக்கலாம். பசி, தாகம், சிறுநீர் முட்டுதல், வயிற்று வலி போன்ற உடலின் உள் உணர்வுகளை அறிவதும் ஒரு புலன்தான். ஆட்டிசம் உள்ள சிலரிடம் அது மங்கலாக இருக்கிறது. இரண்டாவது, தாகம் நன்றாகவே தெரிந்தும் அவன் வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கலாம். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். கழிப்பறையில் என்ன இருக்கிறது? நான்கு பக்கமும் ஓடு பதித்த சுவர், திடீரென்று இரையும் ஃபிளஷ், மின்சாரத்தில் கை உலர்த்தும் கருவி இருந்தால் அதன் ஊளை, கிருமிநாசினி நெடி, கதவை ஓங்கிச் சாத்தும் பெரிய பையன்கள். சத்தத்தைவிட, அது எப்போது வரும் என்று தெரியாததுதான் பெரிய வதை. ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவன் இதற்குக் கண்டுபிடிக்கும் தீர்வு மிகவும் தர்க்கபூர்வமானது: தண்ணீரே குடிக்காதே.

இரண்டில் எது என்பதைப் பிரித்தறிவது கடினமல்ல. விடுமுறை நாளில் வீட்டில் அவன் தானாகத் தண்ணீர் கேட்கிறானா என்று பாருங்கள். பள்ளியிலிருந்து வந்ததும் நேராகக் கழிப்பறைக்கு ஓடுகிறானா, பிறகு மடமடவென்று குடிக்கிறானா? அப்படியானால் தாகம் தெரிகிறது. பள்ளிக் கழிப்பறைதான் சிக்கல். வீட்டிலும் யாராவது நினைவுபடுத்தினால்தான் குடிக்கிறான் என்றால் அந்த உள் உணர்வு மங்கல். கழிப்பறைச் சிக்கலுக்குத் தீர்வு, பாடவேளை நடுவில் கூட்டமில்லாத நேரத்தில் கழிப்பறைக்குப் போக அனுமதி, அல்லது ஆசிரியர்கள் பயன்படுத்தும் அமைதியான கழிப்பறை. தாகம் தெரியாததற்குத் தீர்வு, மணி அடிக்கும் நேரங்களோடு சேர்த்துக் குடிக்கப் பழக்கும் அட்டவணை. ஒன்றுக்கு உரிய தீர்வை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். கழிப்பறைக்கு அஞ்சும் பையனை மணிக்கொரு தரம் குடிக்க வைத்தால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இடையில், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ மலச்சிக்கலோ இருந்தால் குழந்தைநல மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். நாள்கணக்கில் அடக்கி வைப்பது இரண்டையும் கொண்டுவரும்.

படிவத்தில் ‘ஆட்டிசம்’ என்று எழுதினாலும் ‘புலன் சிக்கல்’ என்று எழுதினாலும் இந்த இரண்டில் எது என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால்தான் ஒன்றா இரண்டா என்ற எண்ணிக்கையில் எனக்கு அக்கறை குறைவு.

மேசைக்கு அடியில் போகும் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். “காலையில் ஒழுங்காகத்தான் இருந்தான்” என்று ஆசிரியர்கள் சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். காலையில் இருந்த தாங்கும் சக்தி மதியத்தில் இருப்பதில்லை. நாற்காலி இழுபடும் ஓசை, சீருடைக் கழுத்துப்பட்டையின் உறுத்தல், குழல்விளக்கின் மினுமினுப்பு, மதிய உணவு நேரத்தின் இரைச்சலும் வாசனைக் கலவையும் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. கடைசியாக யாரோ ஒரு பென்சில் பெட்டியைக் கீழே போடுகிறார்கள். பார்ப்பவருக்குப் பென்சில் பெட்டிக்காக ஒரு பையன் மேசைக்கு அடியில் போனதாகத் தெரிகிறது. அவனைப் பொறுத்தவரை அதுதான் அந்த வகுப்பறையில் ஒளியும் தொடுகையும் குறைவாக இருக்கும் ஒரே இடம். அவன் யாரையும் அடிக்கவில்லை, ஓடிப்போகவில்லை, தனக்கு என்ன தேவை என்பதைத் தானே கண்டுபிடித்திருக்கிறான். இதை ஒழுங்கீனம் என்று குறிப்பேட்டில் எழுதினால் அடுத்த முறை அவனுக்கு அந்த வழியும் அடைபடும். பிறகு வருவதுதான் கத்தலும் உதைத்தலும்.

இதற்குச் செய்ய வேண்டியது, இடைவேளை முடிந்ததும் பத்து நிமிடம் அவன் அமைதியாக இருக்க ஓர் இடம். நூலக மூலை போதும். அலறல் தொடங்கிய பிறகு அங்கே கொண்டுபோவதால் அதிகப் பயனில்லை. தினமும், கேட்காமலே, முன்கூட்டியே கொடுக்க வேண்டும். தண்டனையாகவோ பரிசாகவோ அதை மாற்றிவிடக் கூடாது.

எனவே படிவத்தில் என்ன எழுதுவது? வகை என்ற இடத்தில் ஆட்டிசம் என்று மட்டும் எழுதுங்கள். இரண்டு வகைகளைப் போட்டால் அலுவலகத்தில் ஒருவர் இரண்டாவதற்குச் சான்றிதழ் எங்கே என்று கேட்பார், உங்கள் நேரம்தான் வீணாகும். அதற்குக் கீழே, அல்லது தனித் தாளில் இணைப்பாக, இப்படி எழுதலாம்: “ஆட்டிசத்தின் பகுதியாக ஒலிக்கும் தொடுகைக்கும் மிகையுணர்வு உண்டு. இதனால் இரைச்சலுக்குப் பிறகு சுமார் அரைமணி நேரம் பாடத்தில் கவனம் செலுத்த இயலாது. பள்ளிக் கழிப்பறையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கிறான். தேவை: இடைவேளைக்குப் பின் பத்து நிமிடம் அமைதியான இடம், பாடவேளையின்போது கழிப்பறை செல்ல அனுமதி, கழுத்துப்பட்டை இல்லாத சீருடை, தேர்வுக்குத் தனி அறை, தீயணைப்பு ஒத்திகை இருந்தால் முன்கூட்டியே தகவல்.” அரைமணி என்பது என் ஊகம், ஆசிரியரிடம் கேட்டுச் சரியான நேரத்தைப் போடுங்கள். தெரபிஸ்ட்டிடம் இதே வடிவில் ஒரு கடிதம் கேளுங்கள். பாதிப்பு, அதன் விளைவு, தேவை என்ற மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் அறிக்கையை மறுப்பது எந்தப் பள்ளிக்கும் சிரமம். ‘புலன் சிக்கல் உள்ளது, ஆவன செய்யவும்’ என்று எழுதிய அறிக்கையை மறுப்பது மிகச் சுலபம்.

‘சலுகை’ என்று அவர்கள் சொல்லும்போது, ‘சலுகை அல்ல, நியாயமான வசதி’ என்று திருத்துங்கள். சண்டை போடாமல், ஆனால் ஒவ்வொரு முறையும்.

இனி மகள். இவள் விஷயத்தில் நான் முதலில் கேட்க விரும்புவது பெயரை அல்ல. காலுறை விவகாரத்தால் காலையில் என்ன நடக்கிறது? இரண்டு நிமிடம் முணுமுணுத்துவிட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாளா? அல்லது முக்கால் மணி நேரம் அழுது, வாரத்தில் பாதி நாள் பள்ளிக்குத் தாமதமாகி, வீடே ஓய்ந்து போகிறதா? கூட்டம் பிடிக்காது என்றால், விசேஷங்களில் உங்கள் மடியை விட்டு இறங்குவதில்லை என்பதா, அல்லது தோழிகளின் பிறந்தநாளுக்கு அழைத்தாலும் போகாமல், அழைப்பே நின்றுபோன நிலையா? முதல் வகை குணம்தான். பெரியவர்களிலும் எத்தனையோ பேர் சட்டையின் லேபிளை வெட்டிவிட்டுத்தான் போடுகிறோம். இரண்டாவது வகை, மாதக்கணக்கில் நீடித்து, உண்பது, உடுப்பது, உறங்குவது, படிப்பது, பழகுவது என்பவற்றில் எதையாவது பிடித்து இழுக்குமானால், ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உதவி தேவைப்படும் பாதிப்பு. விளைவைப் பார்க்கும் சட்டம் உள்ள நாடானால் அது சட்டப்படியே குறைபாடாகக் கொள்ளப்படலாம். பெயர்ப் பட்டியல் உள்ள நாடானால் சான்றிதழ் கிடைக்காது. ஆனால் ஓர் ஆசிரியர் அவளை வாசலோரமாக உட்கார வைக்கச் சான்றிதழ் எதற்கு?

இதற்கு முன்னால் வேறு சில காரணங்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். காதில் நீர் கோத்திருக்கிறதா, கேட்கும் திறன் சரியா, பார்வை சரியா, தோலில் எக்சிமா என்ற அரிப்பு நோய் உண்டா, பல்லில் வலியா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். பதற்றமும் ஏ.டி.எச்.டி.யும் இதே முகமூடியோடு வரும். பதற்றம் கூடும்போது மட்டும் காலுறை உறுத்துகிறதென்றால் சிகிச்சை பதற்றத்துக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அடுத்துப் பிறக்கும் தம்பி தங்கைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் கண்டறியப்படுகிறது. பெண் குழந்தைகளில் பலர் மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடித்துக் காட்டிச் சமாளித்துவிடுவதால், அது பிந்தியே தெரியவருகிறது. இப்போது இல்லை என்று சொன்னவர்கள் தவறாகச் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆறு வயதில் சொன்ன ‘இல்லை’யை ஆயுளுக்குமான ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளியில் ஒழுங்காக இருந்துவிட்டு வீட்டு வாசலைத் தாண்டியதும் உடைந்து அழுகிறாள், தோழிகள் பேசுவதன் உட்பொருள் பிடிபடவில்லை, விளையாட்டை அவள் வகுத்தபடியே ஆட வேண்டும் என்றெல்லாம் பின்னால் தென்பட்டால், பெண் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய ஒருவரிடம் மறுபடி காட்டுங்கள். மறுபக்கம், புலன் சிக்கல் உள்ள எல்லாருக்கும் ஆட்டிசம் இருக்கும் என்பதும் இல்லை. இது மட்டும் இருந்து, வளர்ந்து, தனக்கு ஒத்துவரும் உடையையும் வேலையையும் தேர்ந்துகொண்டு நன்றாக வாழ்கிறவர்கள் நிறையப் பேர்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. பெயருக்காகப் பெயர் தேட வேண்டாம். ஆனால் பெயர் தேடாமல் இருப்பதும் கவனிக்காமல் இருப்பதும் வேறு வேறு. அவரையே இரண்டு வாரம் காலை வேளையில் மகளைக் கிளப்பிவிடச் சொல்லுங்கள். எந்தக் காலுறை, எத்தனை நிமிடம், எதற்குப் பிறகு அடங்கினாள் என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும். தந்தையர் பலர் வாதத்துக்கு அசையாதவர்கள், தாங்களே எழுதிய குறிப்புக்கு அசைந்துவிடுவார்கள். அந்த நோட்டு தெரபிஸ்ட்டுக்கும் என் போன்றவர்கள் போடும் கேள்வித்தாள்களைவிட அதிகம் சொல்லும்.

செலவு செய்யுமுன் ஓர் எச்சரிக்கை. ‘சென்சரி’ என்று முன்னால் ஒட்டிய எதுவும் இப்போது நன்றாக விற்கிறது. ஊஞ்சலும் பந்துமாக நடக்கும் புலன் ஒருங்கிணைப்புப் பயிற்சிக்கு ஆதரவாகச் சில சிறு ஆய்வுகள் உண்டு. பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள 138 குழந்தைகளை வைத்து நடத்தி 2022-ல் வெளியிட்ட பெரிய ஆய்வோ, வழக்கமான கவனிப்பைவிட அது மேலான பலன் தந்ததாகக் காட்டவில்லை. எடை வைத்துத் தைத்த போர்வை குழந்தைகளுக்குப் பிடித்திருந்தது, ஆனால் அதனால் தூங்கும் நேரம் கூடவில்லை என்று 2014-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே எந்தப் பயிற்சியிலும் சேர்க்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மூன்று மாதத்தில் என் பிள்ளையால் இப்போது முடியாத எந்த வேலை முடியும்? ‘தானே பல் துலக்குவான்’ என்பது பதில். ‘மூளை ஒழுங்காகும்’ என்பது பதில் அல்ல. என் துறையைச் சேர்ந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். ஆனால் சூழலை மாற்றுவதற்கு, நாற்காலிக் கால்களுக்கு அடியில் துணி ஒட்டுவதற்கு, தலைவாருமுன் எத்தனை முறை சீப்பு இழுபடும் என்று எண்ணிச் சொல்வதற்குப் பெரிய செலவில்லை. பல நேரங்களில் அதுவே முதலில் பலன் தருகிறது.

பழக்கினால் சரியாகிவிடும் என்று சொல்லி இரைச்சலில் பிடித்து நிறுத்துவதை மட்டும் இருவரிடமும் யாரும் செய்ய விடாதீர்கள். தானாக விலகிப் போகும் உரிமையோடு, சிறிது சிறிதாக, பிள்ளையே வேகத்தைத் தீர்மானிக்கும்படி பழக்கினால் பலன் கிடைக்கலாம். பிடித்து நிறுத்தினால் அச்சம்தான் பழகும்.

மகனுக்கு ஒலி தடுக்கும் ஹெட்போன் வாங்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். கூட்டம், ஒத்திகை, மதிய உணவு நேரம் போன்ற குறிப்பிட்ட பொழுதுகளுக்கு வைத்துக்கொள்ளட்டும். நாள் முழுவதும் அணிந்திருந்தால் காது அமைதிக்குப் பழகி, சாதாரண ஓசையும் கூடுதலாக உறைக்கத் தொடங்கலாம். எப்போது போட வேண்டும் என்று ஆசிரியர் தீர்மானிக்க வேண்டியதில்லை. பையிலிருந்து தானே எடுத்துப் போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும் என்று அந்த இணைப்புத் தாளில் இன்னொரு வரி சேர்த்துவிடுங்கள்.